இது ஆற்றை வேலை? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதங்கள், வட்ஸ்அப்பில வந்த குரல் பதிவுகள் எல்லாத்தையும் ஆசிரியர் தம்பி ஒண்டாக் கட்டிக்கொண்டு வந்து மேசையில வைச்சிட்டு, "ஐயா, முழுக்கக் கந்தோர்க் கேள்விதான், நீங்களே பாருங்கோ" எண்டு சொல்லிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமப் போட்டார். கச்சேரியில, அதாவது மாவட்டச் செயலகத்தில, கிளாக்கரா முப்பது வருசத்துக்கு மேல இருந்த ஆள் எண்டதால இதெல்லாம் என்ர தலையில. இடம்பெயர்ந்த காலத்தில மரத்துக்குக் கீழ மேசை போட்டு ரப்பர் ஸ்ராம்ப் குத்தின ஆக்கள் நாங்கள், இந்தக் கேள்வியளுக்குப் பயப்பிட ஏலுமே.

கேள்வி: எங்கட ஊர்ச் சின்னக் குளத்தின்ர கட்டு போன மழைக்கு அரிச்சுப் போச்சு. ஒரு கந்தோருக்குப் போனா இது எங்கட இல்லை எண்டினம். அவை காட்டின கந்தோருக்குப் போனா வேற ஒரு இடத்தைக் காட்டினம். மூண்டாவது இடத்தில போம் ஒண்டு தந்து விட்டிருக்கினம். எல்லாரும் அரசாங்கம்தானே, அப்ப ஏன் இந்த அலைச்சல்?
– கமக்காரர் ஒருவர், ஏ-35 ரோட்டுப் பக்கம்

பதில்: அண்ணை, உங்கட குளத்துக்குக் கீழ எத்தினை ஏக்கர் வயல் எண்டு நீங்கள் எழுதேல்ல. அதுதான் முதல் கேள்வி. 80 எக்டேயருக்கு உள்ள, அதாவது எங்கட கணக்கில ஒரு 200 ஏக்கருக்குள்ள எண்டா அது சின்னக் குளம், கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின்ர பொறுப்பு, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தில வாற வேலை. அதுக்கு மேல போனா நீர்ப்பாசனம். ஆனா அங்கதான் அடுத்த சிக்கல் கிடக்கு, நீர்ப்பாசனத் திணைக்களம் எண்டு ஒண்டு இல்லை, ரெண்டு இருக்கு. ஒண்டு கொழும்பின்ர, அதாவது மத்திய அரசாங்கத்தின்ர, 1900ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் தொடங்கினது. மற்றது வட மாகாணத்தின்ர. போர்ட்டைப் பாத்தா ரெண்டிலயும் கிட்டத்தட்ட ஒரே எழுத்துத்தான், "மாகாண" எண்ட ஒரு சொல்லுத்தான் வித்தியாசம், அவசரத்தில போற சனத்துக்கு அது கண்ணில படாது.

ஏன் ரெண்டு எண்டு கேட்டா, 1987 நவம்பரில வந்த அரசியலமைப்பின்ர 13ஆவது திருத்தம். அதில மூண்டு நிரல் இருக்கு, மாகாணத்துக்கு ஒண்டு, மத்திக்கு ஒண்டு, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்டு. நீர்ப்பாசனம் மாகாண நிரலில கிடக்கு, ஆனா ஒரு மாகாணத்துக்கு மேல ஓடுற ஆறுகளின்ர வேலை அதில சேராது, அது மத்திக்கு. இப்ப எங்கட பக்கத்துக் குளங்கள் ரெண்டை எடுத்துப் பாருங்கோ. இரணைமடுவுக்குத் தண்ணி வாறது கனகராயன் ஆற்றால, அந்த ஆறு பிறக்கிறதும் கடலுக்குப் போறதும் வட மாகாணத்துக்குள்ளேயே, அதால இரணைமடு மாகாணத்தின்ர குளம். மன்னார்க் கட்டுக்கரைக்குத் தண்ணி வாறது அருவி ஆற்றில தேக்கம் அணைக்கட்டால திருப்பி, அந்த ஆறு அனுராதபுரப் பக்கத்தால மல்வத்து ஓயா எண்ட பேரில வாறது, ரெண்டு மாகாணம், அதால கட்டுக்கரை கொழும்பின்ர குளம். ரெண்டுக்கும் கீழ அதே நெல்லு, அதே வெயில், ஆனா துருசுக்கு, அதாவது மதகுக்கு, ஒரு போல்ட் மாத்தவேணும் எண்டா ஒராள் மாகாணத்தின்ர காசைப் பாக்கவேணும், மற்ற ஆள் கொழும்பின்ர வோட்டை, அதாவது நிதி ஒதுக்கீட்டை, பாக்கவேணும்.

இனி உங்கட சின்னக் குளம். கமநலத் திணைக்களம் மாகாணத்தின்ர இல்லை, கொழும்பின்ர. அப்ப பெரிய குளமான இரணைமடு மாகாணத்திட்ட, அதுக்குப் பக்கத்தில கிடக்கிற நாலைஞ்சு ஏக்கர் அலைகரையோட இருக்கிற குட்டிக்குளம் மத்தியிட்ட. இது ஏதோ பிழையா எழுதினதில்லை, உண்மையாவே அப்பிடித்தான். எனக்கும் முதல் முதல் ஒரு பெரியவர் விளங்கப்படுத்தேக்க நான் அவர் பகிடி விடுறார் எண்டுதான் நினைச்சனான்.

அதால நீங்கள் செய்யவேண்டியது, உங்கட கமக்காரர் அமைப்பின்ர கடிதத் தலைப்பில, குளத்தின்ர பேர், ஜீ.எஸ். (கிராம சேவையாளர்) பிரிவு, கீழ உள்ள வயல் ஏக்கர் மூண்டையும் எழுதி கமநல சேவை நிலையத்துக்குக் குடுங்கோ, பிரதி ஒண்டு டி.எஸ்.க்கு (பிரதேச செயலாளருக்கு). தனியாள் கடிதத்தை விட அமைப்பின்ர கடிதத்துக்குப் பெறுமதி கூட, ஏனெண்டா சட்டத்திலயே கமக்காரர் அமைப்புக்கு இடம் இருக்கு. தந்த போமை நிரப்பிக் குடுங்கோ, அது ஒருவேளை சரியான போமாயும் இருக்கலாம், மூண்டாவது இடம்தான் சரியான இடம் எண்டு எனக்குப் படுகுது.

கேள்வி: அமைச்சு ஒண்டை ஆர் உருவாக்கிறது? பாராளுமன்றத்தில வாக்கெடுப்பு நடக்குமா? ஏன் ஒவ்வொரு முறையும் பேர் மாறுது? எனக்கு ஏ.எல். அரசியல் விஞ்ஞானம், ரீச்சர் சொன்னது விளங்கேல்ல.
– மாணவி, வவுனியா

பதில்: தங்கச்சி, வாக்கெடுப்பு ஒண்டும் இல்லை, அதுதான் இதில விசேசம். அரசியலமைப்பின்ர 43ஆம், 44ஆம் உறுப்புரைகளை எடுத்து வாசியுங்கோ. எத்தினை அமைச்சு, எந்த அமைச்சுக்கு என்ன வேலை எண்டு தீர்மானிக்கிறது ஜனாதிபதி. தீர்மானிச்சு அதி விசேட கசற் (வர்த்தமானி) ஒண்டு அடிப்பினம். அந்தக் கசற்றைத் தேடி எடுத்துப் பாத்தீங்களெண்டா உங்களுக்கு எல்லாம் விளங்கும், ஒவ்வொரு அமைச்சுக்கும் கீழ மூண்டு நிரல் போட்டிருக்கும். முதலாவதில அந்த அமைச்சின்ர கடமையள், ரெண்டாவதில அதுக்குக் கீழ வாற திணைக்களங்கள், சபைகள், கூட்டுத்தாபனங்கள், மூண்டாவதில அது நடைமுறைப்படுத்தவேண்டிய சட்டங்கள். எங்கட வீட்டில காணி பிரிக்கேக்க ஆருக்குக் கிணறு, ஆருக்குப் பனங்கூடல், ஆருக்கு ஒழுங்கை எண்டு எழுதிறமெல்லே, அதுபோலதான். ரெண்டாவது நிரலில ஒரு திணைக்களத்தின்ர பேரை ஒரு அமைச்சில இருந்து வெட்டி அடுத்த அமைச்சில போட்டா, அடுத்த நாள் காலமை அந்தத் திணைக்களத்துக்கு வேற மினிஸ்ரர்.

பாராளுமன்றம் வாறது எண்ணிக்கையில. 2015இல வந்த 19ஆவது திருத்தம் கபினற் அமைச்சர் 30 பேருக்கு மேல போகேலாது, இராஜாங்க, பிரதி அமைச்சர்மார் 40 பேருக்கு மேல போகேலாது எண்டு கட்டுப் போட்டது. அதுக்கு முதல் 2007இல கபினற்றில மட்டும் 50 பேருக்கு மேல இருந்தவை. ஆனா அந்தக் கட்டுக்குள்ளேயே ஒரு பொட்டும் வைச்சவை, தேசிய அரசாங்கம் எண்டா பாராளுமன்றம் தீர்மானிச்சுக் கூட்டலாம் எண்டு. அந்த வருசம் செப்டெம்பரிலயே 48 வரைக்கும் கூட்டிட்டினம், கட்டுப் போட்ட மை காயேல்ல. 2024 நவம்பரில சத்தியப்பிரமாணம் செய்த அமைச்சரவை 21 பேரும் ஜனாதிபதியும்.

பேர் ஏன் நீளுது எண்டதுக்கு ரெண்டு காரணம். கன பேரைச் சமாளிக்கவேணும் எண்டா அமைச்சைச் சின்னச் சின்னனா வெட்டுவினம், 2020இல "பிரம்பு, பித்தளை, மட்பாண்ட, தளபாட மற்றும் கிராமியக் கைத்தொழில் மேம்பாட்டு" இராஜாங்க அமைச்சு எண்டு ஒண்டு இருந்தது, நான் பொய் சொல்லேல்ல. ஆக்களைக் குறைச்சா மறுவளமா எல்லாத்தையும் ஒரு பையில போடுவினம். 2018 டிசெம்பரில எங்கட மீள்குடியேற்றம் எங்க கிடந்தது தெரியுமே, "தேசிய கொள்கைகள், பொருளாதார அலுவல்கள், மீள்குடியேற்றம் மற்றும் புனர்வாழ்வு, வட மாகாண அபிவிருத்தி, வாழ்க்கைத் தொழிற்பயிற்சி மற்றும் திறன்கள் அபிவிருத்தி, இளைஞர் அலுவல்கள்" அமைச்சில. கடித உறையில விலாசம் எழுதினா முத்திரை ஒட்ட இடம் மிஞ்சாது.

பரீட்சைக்கு இன்னொண்டையும் வைச்சிருங்கோ. 1931இல டொனமூர் யாப்பில ஏழு நிர்வாகக் குழு இருந்தது, குழுவின்ர தலைவர்தான் அமைச்சர், அதாவது அங்கத்தவர்கள் தெரிஞ்சு விட்ட ஆள். 1947க்குப் பிறகுதான் பிரதமர் தெரியிற கபினற் வந்தது. அந்த முதல் கபினற்றில உங்கட வவுனியா எம்.பி. இருந்தவர், சி. சுந்தரலிங்கம், வர்த்தக வாணிப அமைச்சர், குடியுரிமைச் சட்ட விசயத்தில முரண்பட்டு 1948 கடைசியில வெளியால வந்தவர். வவுனியாப் பிள்ளை இதை எழுதாட்டி ஆர் எழுதிறது.

கேள்வி: போன அரசாங்கத்தில ஒரு அமைச்சருக்கு காணி விசயமாக் கடிதம் குடுத்தனான், கையெழுத்தும் போட்டுத் தந்தவர். இப்ப ஆள் மாறிட்டுது, அமைச்சின்ர பேரும் மாறிட்டுது. என்ர கடிதம் செத்துப் போச்சோ?
– ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: அமைச்சர் கையெழுத்துப் போட்டது கடிதத்தில எண்டா, அது பரிந்துரை, உத்தரவு இல்லை. அந்தக் கடிதம் கீழ திணைக்களத்துக்கு வந்து பைலில ஏறினதோ எண்டதுதான் கேள்வி. ஏறியிருந்தா உயிரோடதான் கிடக்கும்.

கொட்டில் ஒண்டைப் பாருங்கோ, கிடுகு ரெண்டு வருசத்துக்கொருக்கா மாத்துவம், கப்பும் வளையும் அப்பிடியே நிக்கும். அமைச்சு எண்டது கிடுகு. திணைக்களம்தான் கப்பு. நில அளவைத் திணைக்களம் 1800இல வந்தது, வனத் திணைக்களம் 1887, தொல்பொருள் 1890. இவ்வளவு காலத்தில இதுகள் எத்தினை அமைச்சருக்குக் கீழ இருந்துதுகள் எண்டு எண்ணி முடிக்கேலாது, ஆனா பைல் நம்பர் ஓடிக்கொண்டே இருக்கு. திணைக்களத் தலைவரும் அரசாங்கம் மாறினா வீட்டை போறேல்ல.

செயலாளர் கொஞ்சம் வேற. ஒவ்வொரு அமைச்சுக்கும் ஒரு செயலாளரை ஜனாதிபதி நியமிக்கிறார், 52ஆம் உறுப்புரை. அமைச்சரவை கலைஞ்சா, இல்லாட்டி அந்த அமைச்சே இல்லாமப் போனா செயலாளரின்ர பதவியும் போகும், பிறகு திருப்பி நியமிக்கவேணும். அவர்தான் அமைச்சின்ர பிரதான கணக்கீட்டு உத்தியோகத்தர், காசு பிழைச்சா பதில் சொல்லவேண்டிய ஆள் அவர். திணைக்களத் தலைவர் தன்ர திணைக்களத்துக்குக் கணக்கீட்டு உத்தியோகத்தர். மினிஸ்ரர் "செய்து குடு" எண்டு சொன்னாலும் கிளாக்கர்மார் தாள் கேக்கிறது இதுக்குத்தான், நாளைக்குக் கணக்காய்வுக்கு வாற ஆள் மினிஸ்ரரின்ர வாய்ச்சொல்லைக் கேக்கமாட்டார்.

அதால பேர் மாறின அமைச்சைத் தேடி கொழும்புக்கு பஸ் ஏறாதேங்கோ. உங்கட டி.எஸ். கந்தோரின்ர காணிக் கிளையில பைல் நம்பரைக் கேளுங்கோ, நம்பர் இருந்தா அந்த நம்பரைப் போட்டு நினைவூட்டல் எழுதுங்கோ. நம்பர் இல்லையெண்டா புதுசா எழுதுங்கோ, மனவருத்தம்தான், என்ன செய்யிறது.

கேள்வி: திணைக்களம், சபை, அதிகாரசபை, கூட்டுத்தாபனம், கம்பனி... எல்லாத்திலயும் அரசாங்க இலச்சினை இருக்கு, என்ன வித்தியாசம்? என்ர மகனுக்கு ஒரு சபையில வேலை கிடைச்சிருக்கு, பென்சன் வருமா?
– பரந்தன் அம்மா ஒராள்

பதில்: முதல்ல வாழ்த்துச் சொல்லுங்கோ மகனுக்கு. ரெண்டாவது, சபை எண்டா பொதுவா பென்சன் இல்லை அம்மா, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி), ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி)தான். அவர் 8 வீதம், சபை 12 வீதம், அதோட சபை ஈ.ரி.எஃப்.க்கு 3 வீதம். நியமனக் கடிதத்தில எழுதியிருக்கும், வாசிக்கச் சொல்லுங்கோ, எங்கட பிள்ளையள் சம்பளத்தை மட்டும் வாசிச்சிட்டு மடிச்சு வைச்சிடுவினம்.

வித்தியாசம் என்னெண்டா, திணைக்களம் அரசாங்கத்தின்ர உடம்பு. அதுக்கெண்டு தனிப் பேரில காணி, வங்கிக் கடன் எண்டெல்லாம் இல்லை, காசு வருசா வருசம் ஒதுக்கீட்டுச் சட்டத்தில ஒரு செலவுத் தலைப்பில வரும், மிஞ்சினா திறைசேரிக்குத் திரும்பிப் போகும், ஆக்கள் அரசாங்க உத்தியோகத்தர். சபை, அதிகாரசபை, கூட்டுத்தாபனம் எண்டுறதெல்லாம் பாராளுமன்றச் சட்டத்தால பிறந்த தனி ஆள் மாதிரி, தன்ர பேரில வழக்குப் போடலாம், அதுக்கெதிரா வழக்கும் போடலாம், தலைவரும் பணிப்பாளர் சபையும் இருக்கும், அந்தத் தலைவரைப் பெரும்பாலும் அமைச்சர் நியமிப்பார், அதாலதான் ஆட்சி மாறினா முதல்ல கதிரை ஆடுறது சபைத் தலைவர்மாருக்கு. மின்சார சபை 1969ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால வந்தது, நெல் சந்தைப்படுத்தும் சபை 1971, வாட்டர் போட் (நீர் வழங்கல் சபை) 1974, மகாவலி அதிகாரசபை 1979, ரோட்டுக்கார ஆர்.டி.ஏ. (வீதி அபிவிருத்தி அதிகாரசபை) 1981. பேரில சபை எண்டிருக்கோ அதிகாரசபை எண்டிருக்கோ எண்டதில பெரிய சூட்சுமம் ஒண்டும் இல்லை, பிறந்த சட்டத்தில என்ன அதிகாரம் குடுத்திருக்கு எண்டதுதான் கதை.

கம்பனி எண்டா கம்பனிச் சட்டத்தில பதிஞ்சது, பங்கு திறைசேரியிட்ட. இதை விளங்கப்படுத்த நீங்கள் இருக்கிற ஊரை விட நல்ல இடம் இல்லை. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஞாபகம் இருக்குமே, ஆனையிறவு உப்பில இருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்தது, 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ கூட்டுத்தாபனமா இருந்தது. 80களில சண்டையோட தொழிற்சாலை நிண்டுபோச்சு. ஆனா கூட்டுத்தாபனம் சாகேல்ல, பிறகு கம்பனியா மாறி, குளோரினை இறக்குமதி செய்து தண்ணி சுத்திகரிக்கிற வேலைக்கு விக்கிது. கட்டடம் உங்கட ஊரில உடைஞ்சு கிடந்தது, பேர் கொழும்பில உயிரோட இருந்தது. அரசாங்க நிறுவனம் ஒண்டு சீமெந்தில இல்லை, தாளிலதான் இருக்கு எண்டு நான் அதைப் பாத்துத்தான் படிச்சனான்.

இன்னொரு அடையாளமும் இருக்கு. டீ.வி. செய்தியில "கோப் குழு" எண்டு கேட்டா அது சபை, கூட்டுத்தாபனங்களைக் கேள்வி கேக்கிற பாராளுமன்றக் குழு. "கோபா" எண்டா அமைச்சு, திணைக்களக் கணக்கு.

கேள்வி: கிளிநொச்சி வன்னியெண்டுதான் எல்லாரும் சொல்லினம், ஆனா வன்னித் தேர்தல் மாவட்டத்தில நாங்கள் இல்லை. ஏன்?
– விசுவமடுவில கடை வைச்சிருக்கும் கிளிநொச்சிக்காரர்

பதில்: தேர்தல் மாவட்டம் 22, நிர்வாக மாவட்டம் 25, ரெண்டும் ஒண்டில்லை. தேர்தல் மாவட்டம் பிரிச்ச நேரம் கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோட கிடந்தது, தனி மாவட்டமா வந்தது 1984இல. கச்சேரி வந்தது, வாக்குப்பெட்டி மாறேல்ல. வன்னி எண்டு தேர்தலில சொல்லுறது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூண்டும்தான். முல்லைத்தீவு மாவட்டமும் 1978இல வந்த புது மாவட்டம்தான்.

கேள்வி: டி.எஸ். கந்தோர், பிரதேச சபை ரெண்டும் பிரதேசம் எண்டுதான் சொல்லுது. எது கொழும்பு, எது மாகாணம்? மாகாண சபையே இல்லாம இப்ப மாகாணத்தை ஆர் நடத்திறது?
– நெடுங்கேணி ஆசிரியை

பதில்: ரீச்சர், பிரதேச செயலகம் கொழும்பின்ர கை, பிரதேச சபை நீங்கள் வாக்குப் போட்டுத் தெரிஞ்ச சபை. முந்தி டி.ஆர்.ஓ. (காரியாதிகாரி), பிறகு ஏ.ஜீ.ஏ. (உதவி அரசாங்க அதிபர்), 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தோட பிரதேச செயலாளர், அந்தச் சட்டம் கச்சேரியில ஜீ.ஏ.யிட்ட (அரசாங்க அதிபரிட்ட) இருந்த கன அதிகாரத்தைக் கீழ இறக்கினது. பிறப்புப் பதிவு, காணிப் பெமிற், ஓய்வூதியம், ஜீ.எஸ். எல்லாம் அந்தப் பக்கம். குப்பை, உள்ளூர் ரோட்டு, சந்தை, நூலகம், கட்டட அனுமதி பிரதேச சபை, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். எல்லையும் ஒண்டுக்கொண்டு சரியா வராது, கிளிநொச்சியில பிரதேச செயலகம் நாலு, பிரதேச சபை மூண்டு. கண்டாவளையில டி.எஸ். இருக்கிறார், சபை இல்லை, அவை கரைச்சிச் சபைக்குள்ள.

மாகாணத்தில முதலமைச்சரோட சேத்து அஞ்சு அமைச்சருக்கு மேல வைக்கேலாது, அது அரசியலமைப்பிலயே எழுதினது. எங்கட சபை 2013 செப்டெம்பரில தெரிஞ்சது, 2018 ஒக்ரோபரில காலம் முடிஞ்சுது, அதுக்குப் பிறகு தேர்தல் வைக்கேல்ல. இப்ப ஆளுநரும் மாகாண அமைச்சுச் செயலாளர்மாரும் நடத்தினம். பள்ளிக்கூடம் திறக்குது, ஆஸ்பத்திரி நடக்குது, அதால கன பேருக்குச் சபை இல்லாததே தெரியிறேல்ல. எங்க தெரியும் எண்டா ஒரு பழைய கதை சொல்லுறன்.

2012இல திவிநெகும எண்டு ஒரு சட்டமூலம் வந்தது. சமுர்த்தி (வறிய குடும்பங்களுக்கான உதவித் திட்டம்) அதிகாரசபை, தெற்கு அபிவிருத்தி அதிகாரசபை, மலைநாட்டு அபிவிருத்தி அதிகாரசபை மூண்டையும் கரைச்சு ஒரு திணைக்களமா ஆக்கிறதுக்கு. கிராம மட்டத்து அபிவிருத்தி மாகாணத்தின்ர விசயம், அப்ப மாகாண சபையளிட்டக் கருத்துக் கேக்கவேணும். மற்ற மாகாணங்களில சபை இருந்தது, எங்கட மாகாணத்தில அப்ப சபையே இல்லை. சபைக்குப் பதிலா ஆளுநர் கருத்துச் சொல்லலாமோ எண்டு உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு, ஏலாது, அப்ப பாராளுமன்றத்தில மூண்டில ரெண்டு வேணும் எண்டு தீர்ப்பு வந்தது. 2013 ஜனவரியில அந்தப் பலத்தோட நிறைவேத்திட்டினம். அதே மாசம்தான் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவைப் பதவியில இருந்து எடுத்தவை, ரெண்டுக்கும் தொடர்பு இருக்கெண்டு ஊரெல்லாம் கதைச்சது. உங்கட ஊரில சமுர்த்தி உத்தியோகத்தர் சைக்கிளில வந்து கையெழுத்து வாங்கிறார் எண்டா, அவற்றை கந்தோர் அதிகாரசபையில இருந்து திணைக்களமா மாறினதுக்குப் பின்னால இவ்வளவு இழுபறி கிடக்கு, ஒரு சபை இல்லாத மாகாணமும் கிடக்கு.

கேள்வி: சட்டம் போட்டா அடுத்த நாள் கந்தோர் திறக்க வேண்டியதுதானே? காணாமப் போன ஆக்களுக்கெண்டு அலுவலகம் வைக்க ஏன் அவ்வளவு காலம் எடுத்தது?
– பேர் போட விரும்பாத தாய்

பதில்: அம்மா, உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சனான். நடந்ததை மட்டும் சொல்லுறன்.

சட்டத்தால ஒரு நிறுவனம் பிறக்கிறதெண்டா அமைச்சரவைப் பத்திரம் போகும், கபினற் ஓம் எண்டா சட்டவரைஞர் எழுதுவார், சட்டமா அதிபர் பாப்பார், கசற்றில போடுவினம், ஆரும் உயர் நீதிமன்றம் போனா அங்க முடியவேணும், பிறகு பாராளுமன்றத்தில மூண்டு வாசிப்பு, சபாநாயகர் கையெழுத்து. இவ்வளவும் முடிஞ்சாலும் சில சட்டங்களில அமைச்சர் திகதி குறிச்சுக் கசற் அடிச்சாத்தான் உயிர் வரும். பிறகு ஆணையாளர்மார், பிறகு ஆளணிக்குத் திறைசேரியின்ர முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின்ர அனுமதி, பிறகுதான் கட்டடம், கதிரை. அந்த அலுவலகத்தின்ர சட்டம் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம், ஓகஸ்ட்டில பாராளுமன்றத்தில நிறைவேறினது. நடைமுறைக்கு வந்தது 2017 செப்டெம்பரில. ஆணையாளர்மாரை நியமிச்சது 2018 பெப்ரவரியில. அதுக்கு ஒரு வருசம் முதலே, 2017 பெப்ரவரியில இருந்து கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் நீங்கள் எல்லாரும் ரோட்டுக்கரையில போராட்டத்தில இருந்தனீங்கள். தாளில ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லலாம், கந்தோரில இருந்தவன் எண்ட முறையில எனக்கு அந்தக் காரணமெல்லாம் தெரியும், ஆனா ஒன்றரை வருசத்துக்கு அது போதாது. இழப்பீடுகளுக்கான அலுவலகம் வேற, அது 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம், முந்திப் புனர்வாழ்வு அதிகாரசபை பாத்த நட்டஈட்டு வேலை இப்ப அவையிட்ட. ரெண்டுக்கும் தனித்தனியாத்தான் எழுதவேணும்.

கேள்வி: விவசாயம், காணி, நீர்ப்பாசனம் எல்லாம் இப்ப ஒரே அமைச்சு. அப்ப அலைச்சல் குறையவேணுமே?
– பூநகரி வாசகர்

பதில்: 2024 நவம்பர் கசற்றில விவசாயம், கால்நடை, காணி, நீர்ப்பாசனம் ஒண்டாத்தான் வந்தது, அது நல்லதெண்டுதான் எனக்குப் படுகுது, கொழும்பில ரெண்டு மினிஸ்ரர் பிடுங்குப்படுற வேலை இல்லை. ஆனா திணைக்களங்கள் தனித்தனியாத்தான் கிடக்கு, வனத் திணைக்களம் வேற அமைச்சு, மாகாணத்தின்ர பகுதி வேற. உங்கட காணிக்குள்ள எல்லைக்கல்லு நட்டிருக்கு எண்டா 1907ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ அந்தத் துண்டு கசற் பண்ணினதோ எண்டு கேளுங்கோ, உங்களிட்டப் பெமிற் இருந்தா பெமிற் திகதி முந்தியோ கசற் திகதி முந்தியோ எண்டு பாருங்கோ. 13ஆவது திருத்தத்தில தேசிய காணி ஆணைக்குழு எண்டு ஒண்டும் எழுதியிருக்கு, இவ்வளவு வருசமாகியும் அமைக்கேல்ல.

ஆற்றை பொறுப்பெண்டே தெரியாட்டி ஆர்.ரி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமை விண்ணப்பம், போடுங்கோ, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியில இருந்து நடைமுறையில இருக்கு. ஒவ்வொரு கந்தோரிலயும் தகவல் அலுவலர் ஒராள் இருக்கவேணும், காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம், 14 வேலை நாளுக்குள்ள தாறதோ இல்லையோ எண்டு முடிவு சொல்லவேணும். தராட்டி அதே நிறுவனத்தில மேன்முறையீடு, அதிலயும் சரிவராட்டி ஆணைக்குழு. ஏன் செய்யேல்ல எண்டு கேக்காதேங்கோ, அதுக்கு மழுப்பலாத்தான் பதில் வரும். "இந்தக் குளம் எந்த நிறுவனத்தின்ர பதிவேட்டில இருக்கு, கடைசியாத் திருத்தினது எந்த வருசம், எவ்வளவு காசு" எண்டு கேளுங்கோ. குடுத்ததுக்குத் துண்டு வாங்குங்கோ. ஏ-35 அண்ணை, இது உங்களுக்கும்தான், துண்டில போட்ட திகதியை எனக்கு எழுதி விடுங்கோ, மாரிக்கு முதல் எண்ணிப் பாப்பம்.